கதவோரம் இரண்டு அடி

4 ஆகஸ்ட் 2025, திங்கள்

பால் 6.10. மாத்திரை 7.00. இட்லி இரண்டு வைத்தேன், ஒன்றரை சாப்பிட்டாள். பிசியோ தம்பி வரவில்லை, போனையும் எடுக்கவில்லை.

மத்தியானம் புஷ்பம் கேட்டாள்: "சார், இந்த வீட்டுக்காரங்க எப்ப வருவாங்க?"

வருவாங்க என்றேன். முப்பத்தொன்பது வருஷம் என்னை 'என்னங்க' என்று கூப்பிட்டவள். ஏப்ரலிலிருந்து சார். முதல் தடவை கேட்டபோது வலித்தது. இப்போது அதுவும் இல்லை. கம்பெனியில் பர்ச்சேஸ் செக்‌ஷனில் இருபத்தொன்பது வருஷம் உட்கார்ந்தவன், சார் என்றால் திரும்பிப் பார்ப்பது பழக்கம்தான்.

குச்சியோடு நன்றாக நடக்கிறாள். நாலு கால் வைத்த குச்சி, டைல்ஸில் ஊன்றும்போதெல்லாம் டொக், டொக் என்று கேட்கும். நான் சமையல்கட்டில் இருந்தாலும் சரி, ஹால் திவானில் கண் அசந்தாலும் சரி, டொக் கேட்டால் எழுந்துவிடுகிறேன். கிரில் கேட்டுக்குப் பூட்டு போடுங்கள் என்று மகள் ஜெரூஷா கோயமுத்தூரிலிருந்து தினமும் போனில் சொல்கிறாள். பூட்டு எதற்கு? காது இருக்கிறது. பூட்டிவிட்டால் இதுவும் ஒரு முதியோர் ஹோம்தான்.

6 ஆகஸ்ட், புதன்

குளித்துவிட்டு வரும்போது அவளுக்குக் கால் வழுக்கியது. விழவில்லை. அவள் பீரோவைப் பிடித்துக்கொண்டாள், நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அப்படியே நின்றோம். "பார்த்து வரக்கூடாதா சார்?" என்று என்னைத்தான் திட்டினாள்.

ஜூன் 12 இந்த ஹாலில் விழுந்தாள். இடுப்பு எலும்பில் பிளேட். "இன்னொரு தடவை விழுந்தா தாங்காது சார்" என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஜெரூஷா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது: "அப்பா, இன்னொரு தடவை அம்மா விழுந்தாலோ, வேற ஏதாவது ஆனாலோ, ஹோம்ல சேர்த்துடணும். ப்ராமிஸ் பண்ணுங்க." பண்ணினேன். அன்றைக்கு அவள் எதைக் கேட்டிருந்தாலும் பண்ணியிருப்பேன்.

இன்று வழுக்கியதை ஜெரூஷாவிடம் சொல்லவில்லை.

இந்த டைல்ஸை வாங்கியவன் நான். மூன்று வருஷத்துக்கு முன்னால். மூன்று கடையில் கொட்டேஷன் வாங்கி, பக்கத்தில் பக்கத்தில் எழுதி, குறைந்ததற்கு டிக் போட்டு. புஷ்பம் அப்போது நன்றாக இருந்தாள். "பளபளன்னு இருக்கறது வழுக்கும்ங்க. மேட் டைல்ஸ் போடுங்க, சொரசொரப்பா இருக்கும். நமக்கும் வயசாகுதில்ல" என்றாள். மேட் சதுர அடிக்குப் பதினொரு ரூபாய் கூடுதல். பளபளப்பை வாங்கினேன். மிச்சம் 4,620 என்று அந்த வருஷத்து டைரியில் அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறேன். ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு.

7 ஆகஸ்ட், வியாழன்

டைல்ஸை மாற்றினால் பத்து நாள் தூசி, சத்தம், ஒரு லட்சம். இவளை எங்கே வைத்துக்கொள்வது?

பக்கத்து வீட்டு சந்திரிகா குழம்பு கொடுக்க வந்தவள் சொன்னாள்: "கார்பெட் போட்டுடுங்களேன் அங்கிள். எங்க ஆபீஸ்ல சுவரிலிருந்து சுவர் வரைக்கும் போட்டிருக்காங்க. ஓடினாகூட வழுக்காது."

இந்த வெயில் ஊரில் வீட்டுக்குள் கார்பெட்டா என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு டேப்பை எடுத்து அளந்தேன். ஹால் 14 அடிக்கு 10½. படுக்கையறை 10க்கு 10. பாத்ரூமுக்குப் போகிற வழி 10க்கு 3. அளக்கும்போது புஷ்பம் டேப்பின் மறு முனையைப் பிடித்துக்கொண்டாள். விடச் சொன்னால் விடவில்லை.

9 ஆகஸ்ட், சனி

சந்திரிகாவை வீட்டில் உட்கார வைத்துவிட்டு மூன்று கொட்டேஷன் வாங்கி வந்தேன்.

பல்லாவரம் கடை: சதுர அடி 85, அடியில் ஃபோம், ஒட்டும் கூலி எல்லாம் சேர்த்து. இருபத்து மூவாயிரத்தைத் தாண்டுகிறது. பில் போடுகிற பையன் நல்லவன். "வீட்ல பேஷன்ட் இருக்காங்களா சார்? அங்கங்க யூரின் போறவங்கன்னா போடாதீங்க. நாத்தம் பிடிச்சா கழுவி எடுக்கறது கஷ்டம்." இன்னும் அந்த நிலைமை வரவில்லை என்றேன். இன்னும் என்ற வார்த்தையை எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை.

தாம்பரம் கடை: 62. ஆனால் ஃபோம் தனி, கூலி தனி, கோந்து தனி, ஆட்டோ தனி. எல்லாம் தனி தனி என்று கூட்டினால் பல்லாவரத்துக்கே வந்து நிற்கிறது. என்னிடமா?

மேடவாக்கம் ரோடு டெக்கரேஷன் கடை: எக்ஸிபிஷனில் போட்டு எடுத்த கார்பெட். சதுர அடி 9. ஒன்பது ரூபாய். கோடவுனில் சுருட்டி நிறுத்தியிருக்கிறான். "மூணு நாள்தான் சார் மிதிச்சிருக்காங்க. தட்டிட்டு சோப்புத் தண்ணி ஊத்தினா புதுசு. ரெட்டுதான் கீது, கிரே எல்லாம் போயிடுச்சி."

சிவப்பு. இருக்கட்டும். கலரையா மிதிக்கப் போகிறோம்.

11 ஆகஸ்ட், திங்கள்

ரோல் அகலம் ஆறரை அடி. ஹாலுக்கு நீளவாக்கில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு துண்டு போட வேண்டும். 14 அடி வீதம் இரண்டு என்றால் 28 அடி. ஆனால் அகலம் பத்தரைதானே, இரண்டு துண்டு சேர்ந்தால் பதின்மூன்று. இரண்டாவது துண்டில் இரண்டரை அடி அகலத்துக்கு நீளமாக ஒரு பட்டை மிஞ்சும். அதை வீணாக்குவானேன்? உள் சுவரிலிருந்து 12 அடி மட்டும் போட்டு நிறுத்திவிட வேண்டியது. வாசல் கதவோரம் விட்டுப்போகிற இரண்டு அடிக்கு அந்த மிச்சப் பட்டையைக் குறுக்கே போட்டால் கச்சிதம். படுக்கையறையில் மிஞ்சுகிற மூன்றடிப் பட்டை பாத்ரூம் வழிக்கு.

ஆக 44 அடி போதும். 2,574 ரூபாய். பல்லாவரத்தில் பத்தில் ஒரு பங்கு.

ஒரு மணி நேரம் உட்கார்ந்து கிராஃப் தாளில் வரைந்தேன். அந்த ஒரு மணி நேரம் வேறு எதுவும் நினைவில் இல்லை. நன்றாக இருந்தது.

14 ஆகஸ்ட், வியாழன்

அடியில் போட ஃபோம் வேண்டும். கார்பெட் மெலிசு, விழுந்தால் எலும்புக்கு அது போதாது. கடையில் கேட்டால் கார்பெட்டைவிட ஃபோம் விலை. எங்கள் சபை ஜாய்சன் பம்மலில் ஷூ கம்பெனிகளுக்கு உள்ளங்கால் அட்டை வெட்டிக் கொடுக்கிற ஷெட் வைத்திருக்கிறான். போய்ப் பார்த்தேன்.

"கனம் சரியில்லன்னு ரிட்டர்ன் பண்ண ஃபோம் ஷீட் மூலையில கிடக்கு அங்கிள். எடைக்குப் போடத்தான் வச்சிருக்கேன். ஆன்ட்டிக்குத்தானே? அறுநூறு குடுங்க, வண்டியில ஏத்தி அனுப்பறேன்."

ஷெட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் நாங்கள் கல்யாணம் ஆனதும் குடியிருந்த வீடு. அந்தப் பக்கம் போகவில்லை. வேலை முடிந்தது, வந்துவிட்டேன்.

16 ஆகஸ்ட், சனி

கார்பெட் போட்டாகிவிட்டது.

டெக்கரேஷன் கடைக்காரன் சொல்லி, பெரும்பாக்கத்திலிருந்து அன்பு என்று ஒருவர் வந்தார். நாளெல்லாம் வேலை, கூலி 1,500. பேரம் பேசவில்லை, நியாயமான கூலி. வந்ததும் ரோலை விரித்துப் பார்த்துவிட்டு, "இன்னா சார், லெங்த்து கம்மியா கீது? வாசலாண்ட ரெண்டு அடி பத்தாதே" என்றார். கிராஃப் தாளைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "அட, பக்காவா போட்டு வச்சிகினு கீறீங்க. நானே இவ்ளோ யோசிக்க மாட்டேன்." வெகுநாள் கழித்து ஒரு ஆள் என்னைப் பாராட்டினார். கூச்சமாக இருந்தது.

கோந்து போட வேண்டாம், இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப் போதும் என்றேன். நாளைக்கு எடுக்க வேண்டியிருந்தால் டைல்ஸ் கெடாது. பாதிச் செலவும் மிச்சம்.

ஃபோமையும் போட்டு முடித்த பிறகு அன்பு அதன்மேல் இப்படியும் அப்படியும் நடந்து பார்த்தார். "மெத்தை மேல நடக்கற மாதிரி கீது சார். பூனை போனா மாதிரி சத்தமே வராது."

நல்லது என்றேன்.

17 ஆகஸ்ட், ஞாயிறு

காலையில் எழுந்து வந்த புஷ்பம் கார்பெட்டைப் பார்த்து நின்றுவிட்டாள். படுக்கையறையில் நேற்றிரவு தூக்கக் கலக்கத்தில் கவனிக்கவில்லை போலிருக்கிறது. ஹாலில் ஜன்னல் வெளிச்சத்தில் சிவப்பு தெரிந்ததும் செருப்பைக் கழற்றி, கால் பெருவிரலால் தள்ளி, ஜோடியாகச் சேர்த்து வைத்தாள்.

"புஷ்பம், வீட்டுச் செருப்புதான். போட்டுக்கோ."

"ஆல்டருக்குள்ள செருப்போட வரக்கூடாது சார். பாஸ்டர் பார்த்தா என்ன நினைப்பார்?"

எங்கள் கோயிலில் பாஸ்டர் நிற்கிற ஆல்டரில் சிவப்புக் கார்பெட். இந்தியா முழுக்க அப்படித்தான் இருக்கும். எனக்கு அது தோன்றவே இல்லை. ஜூனுக்குப் பிறகு இவளை ஆராதனைக்கு அழைத்துப் போகவும் முடியவில்லை, ஞாயிறு போனில் போட்டுக் காட்டுகிறேன். இன்று போனில் பாட்டு ஆரம்பித்ததும் தலைக்கு முந்தானையைப் போட்டுக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மாதக்கணக்கில் அப்படி உட்கார்ந்ததில்லை.

நானும் செருப்பைக் கழற்றிவிட்டேன். எதற்கு வாக்குவாதம்?

20 ஆகஸ்ட், புதன்

விழவில்லை. வழுக்கவில்லை. வீடு அமைதியாக இருக்கிறது.

23 ஆகஸ்ட், சனி

மத்தியானம் ஒரு மணி நேரம் முழுசாகத் தூங்கினேன். ஒரு தடவைகூட விழிப்பு வரவில்லை. ஜூனுக்குப் பிறகு இதுதான் முதல். ஜெரூஷாவிடம் போனில் சொன்னேன்: "கார்பெட்டை 2,574 ரூபாய்ல முடிச்சேன், தெரியுமா?" சிரித்தாள். "இதுக்கும் மூணு கொட்டேஷனாப்பா?" என்றாள்.

26 ஆகஸ்ட், செவ்வாய்

அவள் வீட்டில்தான் இருக்கிறாள். முதலில் அதை எழுதிவிடுகிறேன். தூங்குகிறாள்.

இரண்டரைக்குச் சாப்பாடு முடிந்து, அவளைப் படுக்கையறையில் படுக்க வைத்துவிட்டு ஹால் திவானில் சாய்ந்தேன். விழித்தபோது 3.35. ஒரு சத்தமும் இல்லை. எவ்வளவு அமைதி என்று நினைத்தேன். உடனே எழுந்திருக்கவில்லை. ஃபேனைப் பார்த்துக்கொண்டு இன்னும் ஐந்து நிமிஷம் படுத்திருந்தேன். அந்த ஐந்து நிமிஷம் — சுகமாக இருந்தது.

படுக்கை காலி. படுக்கையறை வாசலில் செருப்பு ஜோடியாக. குச்சி இல்லை. பாத்ரூமில் இல்லை. வாசல் கதவு ஒருக்களித்திருந்தது. கிரில் கேட் திறந்திருந்தது. என் திவானை ஒட்டித்தான் போயிருக்கிறாள், கையை நீட்டினால் தொட்டிருக்கலாம். ஒன்றும் கேட்கவில்லை.

சந்திரிகா ஸ்கூட்டரில் ஏரிப் பக்கம் போனாள். நான் மெயின் ரோடு பக்கம். ரேஷன் கடை வரை ஓடினேன், அதற்கு மேல் மூச்சு வரவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அங்கே ஒன்று தோன்றியது. கிடைக்காமல் போனால் ஹோமில் சேர்க்க யாரும் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். அவ்வளவுதான், ஒரு வினாடி. யாரிடமும் சொல்ல மாட்டேன். இங்கேயும் எழுதாவிட்டால் இந்த நோட்டு எதற்கு? எழுதிவிட்டேன்.

பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தாள். குச்சியை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு. முந்தானை தலையில். டீக்கடைக்காரர் ஒரு தண்ணீர் பாட்டில் கொடுத்திருக்கிறார், திறக்காமல் வைத்திருந்தாள். 4.20 இருக்கும்.

"எங்க கிளம்பிட்டே?"

என்னை ஏறிட்டுப் பார்த்தாள். தெரிந்த ஆளைப் பார்த்த பார்வை இல்லை. ஆனால் மரியாதையாகச் சொன்னாள்: "ஆராதனை முடிஞ்சிடுச்சு சார். வீட்டுக்குப் போகணும். பம்மல் பஸ் எப்ப வரும்?"

"நானும் அந்தப் பக்கம்தான் போறேன். ஆட்டோவுல போயிடலாம், வாங்க" என்றேன். என் பெண்டாட்டியை வாங்க என்று கூப்பிட்டு ஆட்டோவில் ஏற்றினேன்.

வீட்டில் கால் கழுவும்போதுதான் பார்த்தேன். இந்த வெயிலில் தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்திருக்கிறாள். இரண்டு உள்ளங்காலும் சிவந்து, வலது குதிகாலில் எட்டணா அளவுக்குக் கொப்புளம். மருந்து தடவத் தடவ அவள் பாட்டுக்கு முந்தானை நுனியை மடித்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் தாங்க முடியவில்லை. பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, பக்கெட் நிரம்பி வழிந்திருந்தது.

27 ஆகஸ்ட், புதன்

தேதி வாரியாகப் பின்னால் புரட்டினேன். 4 ஆகஸ்ட். "டொக் கேட்டால் எழுந்துவிடுகிறேன்." "பூட்டு எதற்கு? காது இருக்கிறது." என் கையெழுத்துதான்.

எழுதிப் பன்னிரண்டாம் நாள், அறுநூறு ரூபாய்க்கு ஃபோம் வாங்கிப் போட்டு அந்தக் காதை நானே அடைத்திருக்கிறேன். அன்பு சொன்னார், சத்தமே வராது என்று. நல்லது என்றேனாம். முட்டாப்பய. டைல்ஸில் பதினொரு ரூபாய் மிச்சம் பிடித்தேன், விழுந்தாள். கார்பெட்டில் இருபதாயிரம் மிச்சம் பிடித்தேன், காணாமல் போனாள். இன்னும் எதில் மிச்சம் பிடிக்கப் போகிறேன்?

ஜெரூஷாவிடம் சொல்லிவிட்டேன். மறைக்கலாம் என்று காலையில் நினைத்தேன், சாயங்காலம் சொல்லிவிட்டேன்.

"ஞாயிற்றுக்கிழமை வர்றேன்ப்பா. ஹோம் ஃபார்ம் எடுத்துட்டு வர்றேன்."

சரி என்றேன். ப்ராமிஸ் பண்ணியது பண்ணியதுதான்.

அப்புறம் மூன்று ஹோமுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். கை தானாக மூன்று கட்டம் போட்டது. ஒரு இடத்தில் ஒரு பெண் சொன்னாள்: "நடமாடற பேஷன்ட்டுன்னா ரேட்டு கொஞ்சம் ஜாஸ்தி சார், கூடவே ஆள் போடணும். ஒரே இடத்துல உட்கார்றவங்கன்னா கம்மிதான்." அதற்கு மேல் எழுதவில்லை. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன்.

28 ஆகஸ்ட், வியாழன்

கதவோரம் போட்ட அந்தக் குறுக்குப் பட்டை மட்டும் தனித் துண்டு. டேப்தான். ஒரு முனையைப் பிடித்து இழுத்ததும் வந்துவிட்டது. அடியில் ஃபோமையும் கத்தியால் நேராக வெட்டி எடுத்தேன். இரண்டு அடிக்குப் பத்தரை அடி. பழைய டைல்ஸ் பளபளவென்று முகம் காட்டியது.

அவள் குச்சியை எடுத்து ஊன்றிப் பார்த்தேன். டொக்.

வெளியே போக வேண்டுமென்றால் இதைத் தாண்டித்தான் போக வேண்டும். இரண்டு தடவையாவது ஊன்றியாக வேண்டும். எனக்கு இரண்டு போதும். ஆனால் வழுக்குமே? இதே டைல்ஸ்தானே?

அன்புவுக்குப் போன் பண்ணினேன். "நம்ம பிளாக்குல ஒரு கொத்தனார் கீறாரு சார். இருபது சதுர அடிதானே, உடைச்சிட்டு ஒரே நாள்ல போட்டுடுவாரு. டைல்ஸ் நீங்க வாங்கி வச்சிடுங்க."

டைல்ஸ் கடைக்குப் போய் மேட் கேட்டேன். சொரசொரப்பு. கையால் தடவிப் பார்த்தேன். விலை சொன்னான். "வேற கடையிலும் விசாரிச்சிட்டு வர்றீங்களா சார்?" என்று அவனே கேட்டான். என் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது போல.

"இல்ல. பில் போடுங்க" என்றேன்.

29 ஆகஸ்ட், வெள்ளி

கொத்தனார் வேலை முடிந்தது. புஷ்பத்தைச் சந்திரிகா தன் வீட்டில் சாயங்காலம் வரை வைத்துக்கொண்டாள். கார்பெட் விளிம்பில் கால் தடுக்காமல் அன்பு ஒரு அலுமினியப் பட்டை அடித்துக் கொடுத்தார். காசு கொடுத்தால் வாங்க மாட்டேன் என்றார். "அம்மா கிடைச்சிட்டாங்கல்ல சார், அதுவே போதும்." பிறகு டீக்கு மட்டும் வாங்கிக்கொண்டார்.

அவள் செருப்பைப் படுக்கையறை வாசலிலிருந்து எடுத்து இந்தக் கதவோரம் வைத்துவிட்டேன். கோயிலிலும் வாசலில்தானே விடுவோம்.

31 ஆகஸ்ட், ஞாயிறு

ஜெரூஷா காலை ரயிலில் வந்தாள். அம்மாவின் காலைத்தான் முதலில் பார்த்தாள். கொப்புளம் உடைந்து காய்ந்திருக்கிறது. புஷ்பம் அவளை "டீச்சர், உட்காருங்க" என்றாள். ஜெரூஷா உட்கார்ந்தாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு சமையல்கட்டில் வைத்துப் பேசினோம். ஃபார்ம் நாலு பக்கம். எல்லாம் நிரப்பிக்கொண்டு வந்திருந்தாள், என் கையெழுத்து மட்டும் பாக்கி.

"உங்களால முடியலன்னு ஒத்துக்கறதுல என்னப்பா இருக்கு?"

"முடியலதான்."

அவள் இதை எதிர்பார்க்கவில்லை. நானும்தான்.

"முடியலம்மா. காலையில எழுந்தா எதுவுமே தோண மாட்டேங்குது. மரத்துப்போன கால் மாதிரி இருக்கேன். அன்னிக்கு அவ காலைப் பார்த்தப்பதான் வலிச்சுது. அவளை அனுப்பிட்டா அந்த வலியும் இருக்காது. அப்புறம் நான் எதுக்கு?"

ஜெரூஷா குழாயடியில் திரும்பிக்கொண்டு டம்ளரைக் கழுவினாள். ஏற்கெனவே கழுவிய டம்ளர். "கொடுத்த வாக்கு என்னாச்சு?" என்றாள்.

"கொடுத்தேன். போடச் சொன்னா போடறேன். பேனா எங்க?"

பேனாவைத் தேடினோம். பீரோ மேல் இருக்கும் என்று நான் நகர்ந்தேன். அப்போது —

டொக்.

நான் திரும்புவதற்குள் ஜெரூஷா ஹாலில் இருந்தாள். ஈரக் கையோடு. புஷ்பம் கதவோரம் டைல்ஸில் நின்று, குச்சியைப் பிடித்தபடி ஒரு காலைச் செருப்புக்குள் நுழைத்துக்கொண்டிருந்தாள். "ஆராதனை முடிஞ்சிடுச்சு டீச்சர். நான் கிளம்பறேன்."

ஜெரூஷா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கீழே பார்த்தாள். இரண்டு அடி டைல்ஸ், அதற்கப்பால் சிவப்பு. காலால் தேய்த்துப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் டைல்ஸுக்காக அம்மா போனில் அவளிடம் என்னைப் பற்றிப் புகார் சொல்லியிருப்பாள், நிச்சயம்.

"சமையல்கட்டு வரைக்கும் கேட்டுதுல்ல?" என்றேன்.

"கேட்டுதுப்பா."

சாயங்காலம் கிளம்பும்போது ஃபார்மை மேஜையிலிருந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். கிழிக்கவில்லை. "இது என்கிட்ட இருக்கட்டும். கிறிஸ்துமஸ் வரைக்கும் பார்ப்போம். வாரத்துக்கு மூணு நாள் மத்தியானம் ஒரு ஆள் போடுங்க, நான் பணம் அனுப்பறேன். ஆளுக்குக் கொட்டேஷன் கேட்காதீங்க."

சந்திரிகாவைக் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

2 செப்டம்பர், செவ்வாய்

மத்தியானம் மூன்று தடவை டொக். மூன்று தடவையும் எழுந்தேன். தூக்கம் போச்சு. முதுகு வலி.

5 செப்டம்பர், வெள்ளி

ஆசிரியர் தினம் என்று சந்திரிகா பூ கொண்டு வந்தாள். புஷ்பத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. இருபத்தெட்டு வருஷம் ஒண்ணாங் கிளாஸ் எடுத்தவள். பூவை வாங்கி எனக்குப் பாதி கொடுத்தாள்: "நீங்களும் வச்சுக்குங்க சார், ஹெட்மாஸ்டருக்கு இல்லாமலா."

வாங்கிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன். சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

9 செப்டம்பர், செவ்வாய்

3.10. டொக். உடனே இன்னொரு டொக்.

எழுந்து பார்த்தால் கதவோரம் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கிறாள். தினமும் சொல்கிற மாதிரி, இன்னும் முடியலையே, உட்காருங்க என்று சொல்ல வாய் எடுத்தேன். சொல்லவில்லை. எத்தனை நாளைக்குத்தான் அவளை ஆராதனையிலேயே உட்கார வைப்பது?

"முடிஞ்சிடுச்சா?" என்றேன்.

"முடிஞ்சிடுச்சு சார். வீட்டுக்குப் போகணும்."

"நானும் அந்தப் பக்கம்தான். சேர்ந்தே போகலாம்."

கிரில்லைத் திறந்தேன். நிழல் பக்கமாகவே நடந்தோம். இஸ்திரி வண்டி வரை போனோம். அங்கே ஒரு நிமிஷம் நின்று அவள் மூச்சு வாங்கினாள். சந்திரிகா மாடியிலிருந்து என்ன என்று கையால் கேட்டாள், ஒன்றுமில்லை என்று நானும் கையால் சொன்னேன். இஸ்திரி வண்டியிலிருந்து திரும்பி, அதே தெரு, அதே கேட்.

"இதுவா வீடு?" என்றாள்.

"இதுதான்."

வாசலில் குச்சியை ஊன்றி உள்ளே கால் வைத்தவள் நின்றாள். செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலால் அந்த டைல்ஸைத் தேய்த்துப் பார்த்தாள். ஒரு தடவை. இன்னொரு தடவை.

"வழுக்கல," என்றாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "மேட் போடுங்கன்னு அன்னிக்கே சொன்னேன்ல, என்னங்க?" என்றாள்.

"சொன்னே," என்றேன்.

கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்து உட்கார வைத்தேன். டீ போட்டேன். ஐந்து மணிக்கு மறுபடியும் சார்.